ஆயிரம் மணி நேரம் எரிந்த குழாய்

நம் துறையில் நடந்த க்விஸ்ஸில் "டி.வி.யைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார்கள். ஒரு டீம் "பெயர்ட்" என்றது. இன்னொரு டீம் "இல்ல சார், ஃபார்ன்ஸ்வொர்த்" என்று சண்டைக்கே போய்விட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "ஸ்வோரிகின்!" என்று கத்தினான். மூன்று பேருக்குமே பங்கு உண்டு என்று சொல்லி சார் பஞ்சாயத்தை முடித்தார்.

ஆலன் டூமாண்ட் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மார்க் கிடைத்திருக்காது. அவர் டி.வி.யைக் கண்டுபிடிக்கவில்லை. அது சீக்கிரம் செத்துப்போகாமல் ஓட வழி செய்தார். நாளைக்கு நாம் வேலைக்குப் போய்ச் செய்யப்போவதும் இதே வேலைதான். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1901-ல் பிறந்தவர். சிறுவயதில் போலியோ வந்து மாதக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே ரேடியோ கட்டிப் பழகினார். 1924-ல் ரென்சிலர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்தார். (பாலிடெக்னிக் என்றதும் விசில் அடிக்காதீர்கள், அது பெயரில்தான் பாலிடெக்னிக், கொடுப்பது டிகிரி!) முதல் வேலை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில். ஒரு நாளைக்கு 500 ரேடியோ வால்வு செய்துகொண்டிருந்த இடத்தில், மெஷின்களை மாற்றி அமைத்து 50,000 ஆக்கினார். பிறகு டி ஃபாரஸ்ட் கம்பெனியில் தலைமை இன்ஜினியர்.

1931-ல் அதையும் விட்டுவிட்டார். நியூஜெர்சியில் தன் வீட்டு கராஜிலேயே பட்டறை போட்டார். முதல் ஆயிரம் டாலர், அதில் பாதி கடன். பொருளாதார மந்தத்தில் கம்பெனிகள் இழுத்து மூடப்பட்ட வருஷம் அது! "இவனுக்கு என்ன பைத்தியமா?" என்றுதான் ஊர் கேட்டிருக்கும்.

அவர் கையில் எடுத்தது கேத்தோடு ரே ட்யூப். அன்று ஜெர்மனியிலிருந்து வந்த குழாய்கள் 25, 30 மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும். குழாய்க்குள் கொஞ்சம் வாயு மிச்சமிருந்தால் போதும், அது அயனியாகிப் பின்னால் பாய்ந்து கேத்தோடின் பூச்சையே தின்றுவிடும். டூமாண்ட் அந்தக் குழாயை ஆயிரம் மணி நேரம் எரிய வைத்தார். யோசித்துப் பாருங்கள், முப்பது மணி நேரத்தில் படக்குழாய் மாற்ற வேண்டுமென்றால் எந்த வீட்டில் டி.வி. வாங்குவார்கள்?

ஆனால் குழாய் வாங்க அப்போது டி.வி.யே இல்லையே! அதனால் அந்தக் குழாயை வைத்து ஆஸிலாஸ்கோப் செய்து காலேஜ்களுக்கும் லேப்களுக்கும் விற்றார். கம்பெனிக்குச் சோறு போட்டது அதுதான். பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் பச்சையாகச் சுருங்குமே ஒரு கண், அதுவும் அவர் யோசனைதான். பணத் தேவைக்காக ஆர்.சி.ஏ.வுக்கு 20,000 டாலருக்கு விற்றார். 1938-ல் முழு எலெக்ட்ரானிக் டி.வி. செட்டை அமெரிக்காவில் கடைக்குக் கொண்டுவந்தார், ஆர்.சி.ஏ.வுக்கு முன்பே.

பிறகு ஏன் காணாமல் போனார்? "நல்ல இன்ஜினியர், மோசமான வியாபாரி" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1946-ல் தொடங்கிய அவருடைய டி.வி. நெட்வொர்க், என்.பி.சி., சி.பி.எஸ். இரண்டையும் எதிர்த்து நின்றது. அவர்களுக்கு ரேடியோ லாபம் முதுகுக்குப் பின்னால் இருந்தது, இவருக்கு இல்லை. ஒரு கம்பெனிக்கு ஐந்து ஸ்டேஷன்தான் என்பது அன்றைய அரசாங்க விதி. டூமாண்டில் பங்கு வைத்திருந்த பாரமவுண்ட் சினிமா கம்பெனியின் இரண்டு ஸ்டேஷன்களையும் இவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். இவருக்கு மிஞ்சியது மூன்றுதான். அந்த பாரமவுண்டிடம் 1938-லேயே கை நீட்டியது இவர் தப்பு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கராஜில் தொடங்கியவனுக்குப் பணம் கொடுக்க வேறு யார் வரிசையில் நின்றார்கள்?

1956-ல் நெட்வொர்க் மூடப்பட்டது. 1958-ல் டி.வி. தயாரிப்பு எமர்சனுக்குப் போனது. 1960-ல் மிச்சக் கம்பெனி ஃபேர்சைல்டோடு சேர்ந்தது. 1965-ல் அவரும் போய்விட்டார். 30 இன்ச் குழாய் வைத்த செட்டை 1951-லேயே விற்ற கம்பெனி! க்விஸ் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

நம் லேபில் டிஜிட்டல் ஸ்கோப் வந்த பிறகு பழைய சி.ஆர்.ஓ.க்கள் மூலைக்குப் போய்விட்டன. கழித்துக்கட்ட லிஸ்ட்டும் எழுதியாச்சு. போன வாரம் லேப் அண்ணனிடம் கேட்டு ஒன்றை ஆன் செய்தேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. "அவ்ளோதாம்பா, போச்சு" என்றார் அண்ணன். அப்புறம் மெதுவாகப் பச்சைக் கோடு வந்தது. குழாய் நன்றாகவே இருக்கிறது, டைம்பேஸ்தான் நிற்காமல் ஓடுகிறது. சனிக்கிழமை மதியம் திறந்து பார்க்கப்போகிறோம். சால்டரிங் அயர்ன் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.