"நெஞ்சுல ஒரு கட்டி" என்று யாரிடம் சொல்வது?

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009இல், 17 வயதில், மார்பகக் குறைப்பு சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பிறகு 2018இல் பிரெஞ்சு ஓபனையும் 2019இல் விம்பிள்டனையும் வென்றார். அப்படியிருந்தும் அவருடைய ஆட்டத்தை விட்டுவிட்டு மார்பைப் பற்றிப் பகிடி விடுகிறவர்கள் இணையத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கட ஊர்ப் பக்கம் இது வேறு மாதிரி வரும். "அல்லாஹ் தந்ததை வெட்டுறதா?", "ஷோவுக்குச் செஞ்சது." கழுத்து வலி, தோள் வலி, பிரா பட்டி அழுத்திய பள்ளம், மார்புக்குக் கீழே வியர்த்துப் புண்ணாகும் தோல் என்று வருஷக்கணக்கில் சுமந்தவளுக்குத்தான் இந்தப் பேச்சு. அதனால் ஒப்பரேஷன் செய்தவள் அதை மறைக்கிறாள். சில மாதம் கழித்து மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதையும் மறைக்கிறாள். புற்றுநோயா என்ற பயம் ஒரு பக்கம், "நீயே தேடிக்கிட்டது" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம். இந்த இரண்டாவது பயம்தான் ஆபத்தானது என்று நாங்கள் நினைக்கிறோம். முதல் பயத்தை டொக்டரிடம் கொண்டுபோகலாம். இரண்டாவது பயம் அவளை டொக்டரிடம் போகவே விடாது.

விஷயத்தைத் தெளிவாகப் பார்ப்போம். இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் கொழுப்பு செத்து இறுகிவிடும். வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துக்கூட அது கைக்குத் தட்டுப்படும். எண்ணெய் தேங்கிய சிறு பையாகவும் மாறலாம். உள்தழும்பும் தையல் முடிச்சும்கூட உருண்டையாகத் தெரியும். முலைக்காம்பு மரத்துப் போவதும், இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதும் வழமைதான். தழும்பு ஆறி அடங்க ஒரு வருஷத்துக்கு மேல்கூட எடுக்கும்.

ஆனால் "பெரும்பாலானவை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தபடி முடிவு எடுக்க முடியாது. இறந்த கொழுப்பு மெமோகிராமிலேயே புற்றுநோய் மாதிரித் தெரிவதுண்டு. அதனால்தான் டொக்டர்கள் கையால் பார்த்து, ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்தும் பார்க்கிறார்கள். ஒப்பரேஷன் செய்த திகதியையும் இடத்தையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த திசுவின் ரிப்போர்ட் இருந்தால் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மார்பைக் குறைத்தாலும் மிச்சத் திசு இருக்கிறது, அதில் புற்று வரவே வராது என்று இல்லை.

ஒப்பரேஷன் முடிந்த புதிதில் காய்ச்சல், சிவந்து சூடாவது, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது என்றால் அன்றைக்கே போக வேண்டும். பிறகு எப்போதானாலும் புதிய அல்லது வளர்கிற கட்டி, தோடம்பழத் தோல் மாதிரிச் சுருங்கும் தோல், புதிதாக உள்ளே இழுபடும் காம்பு, இரத்தக் கசிவு, கக்கத்தில் கட்டி என்றால் தள்ளிப்போடக் கூடாது.

போவது என்றால் எங்கே? பிரச்சினை இங்கேதான். 2002இல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கே தமிழ்நாட்டில் அவ்வளவு எதிர்ப்பு. புத்தக அட்டையில் தாங்க முடியாத சொல்லை எங்கட பிள்ளை டொக்டருக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? நாங்கள் "நெஞ்சு" என்போம். நெஞ்சு வலி என்றால் கேட்பவருக்கு இருதயம்தான் ஞாபகம் வரும். சீழ்க்கட்டிக்கும் கட்டிதான், புற்றுக்கும் கட்டிதான். அலவத்துகொடயிலிருந்து கண்டிக்குப் போனால் இதையும் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குத் தெரிந்த சிங்களம் காய்ச்சல், தடிமனோடு நின்றுவிடும். மொழிபெயர்க்க நானா கூட வந்தால், அவருக்கு முன்னால் அவள் வாயே திறக்க மாட்டாள்.

இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன, அங்கே மார்பையும் பார்க்கிறார்கள். ஆனால் முக்கியமாக 35 வயதுப் பெண்களை நினைத்துத் தொடங்கியது என்பதால், "கலியாணம் கட்டினவங்களுக்குத்தானே" என்று எங்கட வயதினர் அந்தப் பக்கம் போவதில்லை. 20 வயதிலிருந்தே மாதம் ஒருமுறை மார்பைத் தானே பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்து ஒன்று தட்டுப்பட்டால் 20 வயதுக்காரி எங்கே போவாள்?

"சும்மா பொம்புளப் புள்ளைகளப் பயப்படுத்தாதீங்க" என்று சிலர் சொல்லலாம். பயம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது எது வழமை, எதற்கு ஓடி வரவேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். கிளினிக்கில் தமிழ் பேசும் ஒரு பெண்ணை வையுங்கள். கலியாணம் ஆச்சா என்று கேட்பதற்கு முன் என்ன பிரச்சினை என்று கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. ஒரு பிள்ளை "நெஞ்சுல ஒரு கட்டி" என்று வந்து சொன்னால், ஏன் ஒப்பரேஷன் செய்தாய் என்று விசாரிக்க வேண்டாம். அடுத்த நாள் காலையில் அவளோடு பஸ் ஏறுங்கள்.