கையால் செய்த வானொலியும் கணிப்பொறியும்



வானொலிப் பெட்டி என்றால் கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அதைத் தம் வீட்டு மேசையின் மீதே செய்துகொள்வோரும் உண்டு. கேட்பதோடு நில்லாமல் அதன் வழியே பேசுவோரும் உண்டு. 'அமெச்சூர் வானொலியாளர்' என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் இவர்களை அழைப்பார்கள். இப்போது அந்த வீட்டுப் பெட்டிக்குள் கணிப்பொறியும் புகுந்துவிட்டது. அது எவ்வாறு வந்தது, நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் அலையின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் திருவண்ணாமலையில் கார்த்திகை மாதம் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபம் பல கல் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் தெரிகிறது. அதற்கும் அப்பால் தெரிவதில்லை. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. சிற்றலை வானொலிக்கு இந்தத் தடை இல்லை. வானில் மிக உயரத்தே அயனி மண்டலம் என்றோர் அடுக்கு உண்டு. சிற்றலை அதில் பட்டு வளைந்து, மீண்டும் பூமிக்கே திரும்புகிறது. ஆகவேதான் ஓர் இரவு விளக்குக்குப் போதுமான மின்னாற்றலைக் கொண்டே, காலமும் நேரமும் வாய்த்தால், கடல் கடந்த நாட்டவரோடும் பேச முடிகிறது.

இத்தகைய பெட்டியை எளியோரும் செய்யலாம் என்று காட்டியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். வி.யு.2 இ.எஸ்.இ. என்பது அவருடைய வானொலி அடையாளக் குறி. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்னும் வடிவமைப்பை அவர் வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில் சுமார் 6 வாட் ஆற்றலோடு பேசவும் கேட்கவும் உதவும் கருவி அது. வெளிநாட்டுக் கருவிகளின் விலையோ எட்டாக் கனியாக இருந்தது. தேவையான காந்த வளையங்களும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிதாக இருந்தது. அவரோ தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் செம்புக் கம்பியைச் சுற்றியே சுருள்களைச் செய்துகொள்ளலாம் என வழி காட்டினார். தம் வரைபடத்தையும் செய்முறையையும் பூட்டி வைக்காமல் உலகோர் யாவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பல நாடுகளிலும் அதைப் பார்த்துப் பலர் செய்தனர், திருத்தங்களும் சொன்னார்கள்.

கையால் செய்த வானொலிக்குப் பெருந்தொல்லை ஒன்று உண்டு. சுருளும் கண்டென்சரும் வெப்பத்தில் சற்றே மாறினாலும், பிடித்து வைத்த நிலையம் மெல்ல நழுவிப் போகும். திருகைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வந்தது. பின்னர் வந்த 'பிட்எக்ஸ்' பெட்டிகளில் 'ஆர்டுயினோ' என்னும் விரலளவுக் கணிப்பொறி, அலைவரிசையை உண்டாக்கும் சில்லுக்கு எண்களால் ஆணையிடுகிறது. சில்லும் சொன்ன இடத்தில் நிற்கிறது. 2017-இல் வந்த 'மைக்ரோ பிட்எக்ஸ்', 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குமாறு அமைந்தது. அதற்கும் பின் வந்த 'எஸ்பிட்எக்ஸ்' கருவியில், உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை' கணிப்பொறியே பெரும்பாலான வேலைகளைச் செய்கிறது. வரும் அலையை எண்களாக மாற்றி, இரைச்சலிலிருந்து பேச்சைக் கணக்குப் போட்டே பிரித்தெடுக்கிறது. முன்னர் உதிரிப் பாகங்கள் செய்த வேலையை இங்கே நிரல் செய்கிறது. அந்த நிரலையும் திறந்து படிக்கலாம், மாற்றியும் எழுதலாம்.

'செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, ஹஸ்ரத்?' என்று மதரஸா மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமான், நிகோபார் தீவுகளின் தொடர்புகள் அறுந்து போயின. அப்போது வானொலி முகாமுக்காகப் போர்ட்பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவருடைய குழுவினரும், தம் பெட்டிகளைக் கொண்டே தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்திகளைச் சேர்ப்பித்தனர். உற்றாரின் நிலை அறியாது தவித்தவர்களுக்கு அந்தக் குரல் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! கோபுரமும் கம்பியும் விழுந்த பின்னும் பேசக்கூடியது, பேட்டரியும் ஒரு நீளக் கம்பியும் கொண்ட சிறு பெட்டியே.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 'மாடியில் கம்பி கட்டினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ? காவல்துறையினர் வந்து கேட்பார்களோ?' என்ற அச்சம் நம் வீடுகளில் சற்று அதிகமாகவே உண்டு. அந்த அச்சத்துக்கு மருந்து ஒதுங்கி நிற்பதன்று, உரிமம் பெறுவதே. ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை இதற்கெனத் தேர்வு நடத்துகிறது. வானொலி அடிப்படைகளும் விதிமுறைகளும் பாடங்களில் அடங்கும். தேறியவருக்கு உரிமமும், உலகில் வேறு எவருக்கும் இல்லாத அடையாளக் குறியும் கிடைக்கும். பள்ளி மாணவரும் எழுதலாம், பெண்களும் எழுதலாம். உரிமமின்றி அலை பரப்புவது குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒலிபரப்பைக் கேட்கும் சிறு பெட்டியை முதலில் செய்யட்டும். பேசும் பெட்டி உரிமத்துக்குப் பின் வரட்டும்.

சால்டரிங் அயர்ன் சுடும். பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று. ஏரியல் கம்பியை மின்கம்பிகளுக்கு அருகே கொண்டு செல்லலாகாது. இடி மின்னல் வேளையில் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கும் பிள்ளைகள் குறைவு. பரணில் கிடக்கும் பழைய ரேடியோவை உங்கள் மகனோ மகளோ கழற்றிப் பார்த்தால், பாழாக்கிவிட்டாய் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, 'இது என்ன, அது என்ன?' என்று நீங்களும் கேளுங்கள்.