ஆட்டம் இலவசம், செலவு யாருக்கு?

அரியலூர் பஸ் நிலையம். ஜெயங்கொண்டம் பஸ் வருவதற்குள் பையன்கள் செல்போனில் தாயம் உருட்டுகிறார்கள். மும்பையில் உருவாகி 2016-ல் வெளிவந்த "லூடோ கிங்" ஆட்டம் அது. நாலு பேர் நாலு ஊரில் இருந்தபடியே ஆடலாம். காசு கிடையாது!

அப்புறம் கம்பெனிக்கு எப்படிக் கட்டுப்படி ஆகிறது? விளம்பரம்தான். ஆட்டம் முடிந்தால் ஒரு விளம்பரப் படம். ஆட்டக்காசு கூடுதலாக வேண்டுமா, இன்னொரு படம் பார்!

இதில் தப்பில்லை. சினிமா கொட்டகையில் ஜவுளிக்கடை சிலைடு பார்க்காதவர் யார்? ஆனால் சிலைடு தானாகப் போய்விடும். பல இலவச ஆட்டங்களில் விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கிறது. விரல் தவறினால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கரைவது அப்பா போட்ட ரீசார்ஜ்!

காசு கட்டும் ஆட்டங்களின் விளம்பரமும் இப்படித்தான் உள்ளே நுழைந்தது. அதைச் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 லட்சம் வரை அபராதம் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சரியான வேலை.

அந்தப் பெருக்கல் குறிக்கும் ஒரு அளவு வைத்தால் என்ன? முத்திரை இல்லாத தராசு வைத்திருந்தால் கடைக்காரரை மட்டும் சும்மா விடுகிறார்களா?