சத்தம் போடாத வெடி

சிவகாசியில் ஒரு டி.டி.பி. கடை. ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்று ராப்பகலாக வேலை. கம்ப்யூட்டரில் இருந்த டிசைன் சாஃப்ட்வேர் அத்தனையும் 'கிராக்'. ஒரிஜினல் வாங்கக் கூடாதா என்று கேட்டேன்.

"கட்டுபடியாகாது அண்ணாச்சி. இது ஓசி. ஆன்ட்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணிரணும், இல்லேன்னா ஏறாது" என்றார் அந்தத் தம்பி, டீயை உறிஞ்சிக்கொண்டே.

வாட்ச்மேனை அனுப்பிவிட்டால்தான் உள்ளே வருவேன் என்று ஒருவன் உங்கள் வாசலில் நின்று சொன்னால் என்ன செய்வீர்கள்? போலீஸுக்குப் போன் போடுவீர்கள். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறீர்கள்!

எல்லா ஓசியிலும் திருடன் இருக்கிறான் என்று சொல்லவில்லை. ஆனால் பாஸ்வேர்டு திருடும் வைரஸ்களுக்கு ரொம்பப் பிடித்த வாகனம் இதுதான். ஃபைலை ஜிப் போட்டு, அதற்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். உங்கள் பத்திரத்துக்காக அல்ல. ஆன்ட்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. பிரித்து ஓட்டியதும் திருடன் நேராக பிரௌசருக்குப் போவான். சோம்பேறித்தனமாக நீங்கள் 'சேவ்' கொடுத்துவைத்த பாஸ்வேர்டெல்லாம் அங்கேதான். பூட்டித்தான் இருக்கும், ஆனால் சாவியும் அதே கம்ப்யூட்டரில். கூடவே குக்கிகளையும் அள்ளுவான். 'இவர் ஏற்கெனவே லாகின் ஆனவர்' என்று சொல்லும் டோக்கன் அது. அது கையில் இருந்தால் பல இடங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். சில நிமிடங்களில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, பல ரகங்கள் தங்களையே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்கேன் செய்தால் ஒன்றுமே இருக்காது. நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

லும்மா என்று ஒரு ரகம். மாதம் 250 டாலரிலிருந்து வாடகைக்கு விட்டார்கள், ஷாமியானா பந்தல் மாதிரி. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டே மாதத்தில், உலகெங்கும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாகக் கணக்குச் சொன்னது மைக்ரோசாஃப்ட்.

தம்பி இன்னொன்றும் சொன்னார்: "போன வருஷம் ஓனர் மெயிலை எவனோ பிடிச்சிட்டான். வெளியே சொல்லலை. பார்ட்டிக பயந்திருவாங்கள்ல?"

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? பெரிய இடத்து லட்சணத்தைப் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலைய கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் என்ற தகவலை மத்திய அரசின் 'செர்ட்-இன்' 2019 செப்டம்பர் 4 அன்றே சொல்லிவிட்டது. விஷயம் வெளியே கசிந்ததும், அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து வந்த அறிக்கை எல்லாம் பொய்த் தகவல் என்றது. மறுநாளே அணுமின் கழகம், ஆமாம், வைரஸ் இருந்தது உண்மைதான் என்றது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் தொடர்புள்ள கம்ப்யூட்டர். உலையை இயக்கும் நெட்வொர்க் தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். சரி, நல்லது. அந்த ஆறுதலை உண்மையோடு சேர்த்து முதல் நாளே சொல்லியிருக்கலாமே? ஆய்வாளர்கள் அடையாளம் காட்டிய 'டிட்ராக்' என்ற அந்த ரகம், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்ளும். விண்டோஸின் சொந்த புரோகிராம் பெயரிலேயே ஒளிந்து ஓடும். ஒளிவது திருடனின் தொழில். அவனுக்கு நாமும் ஏன் போர்வை போர்த்த வேண்டும்?

சிவகாசிக்காரர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மணிமருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, நடுவே இடைவெளி. ஒன்று வெடித்தால் மற்றது தப்பவேண்டும். விதி மீறினால் என்ன ஆகும் என்று 2012-ல் முதலிப்பட்டியில் பார்த்தோம். அதே ஊரில் பேங்க், மெயில், ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு! எல்லா மருந்தையும் ஒரே அறையில் கொட்டிவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓசியை விடுங்கள். பறிபோனது தெரிந்தால், வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து எல்லா இடத்திலும் லாக்-அவுட் கொடுத்து, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். உங்களோடு மெயிலில் வரவு செலவு வைத்திருக்கும் பார்ட்டிகளிடமும் சொல்லுங்கள். அடுத்த குறி அவர்கள்தான்.

பட்டாசு வெடித்தால் பத்து ஊருக்குக் கேட்கும். இந்த வெடி கேட்காது. அதனால் சத்தம் நீங்கள்தான் போட வேண்டும்.