அணித் தலைவரின் இரு செவிகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலை. பள்ளித் திடலில் சாரணர் கூட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடங்கள் இருக்கின்றன. மகனை வாயிலில் இறக்கிவிட வந்த தந்தை, பதினான்கு வயது நிரம்பிய அணித் தலைவனைப் பார்த்து, "தம்பி, சென்ற வாரம் முழுவதும் ஓடிப் பிடித்து விளையாடினீர்களாமே! அடுத்த சான்றிதழுக்கு எப்போது ஆயத்தமாவீர்கள்?" என்று கேட்கிறார். அவர் நகர்ந்ததும் அந்தச் சிறுவன் தலைவனின் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணா, இன்றைக்கும் முடிச்சுதானா? விளையாட்டு இல்லையா?" என்கிறான்.

தலைவன் ஒருவன், அவன்மீது எதிர்பார்ப்புகள் இரண்டு. தந்தையின் சொல்லை மட்டும் கேட்டால், அடுத்த வாரம் பாதிச் சிறுவர்கள் வரமாட்டார்கள். சிறுவனின் சொல்லை மட்டும் கேட்டால், அதற்கடுத்த வாரம் பெற்றோர் அனுப்பமாட்டார்கள். இரண்டு வழியிலும் அணி கலைந்துவிடும். ஆகவே, இளையோர் குழுவை நடத்துபவருக்கு இது சிறு சிக்கலன்று.

பெற்றோரின் கேள்வியைப் பேராசை என்று தள்ளிவிடுவது முறையாகாது. வேலையின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டுத் தொலைவிலுள்ள நகருக்கு வந்து, வாடகை வீட்டில் குடியேறி, பிள்ளைகளின் கல்வியையே பெருஞ்செல்வமாகக் கருதி வாழ்பவர் பலர். விடுமுறை நாளின் மூன்று மணி நேரத்தை அவர்கள் ஒரு குழுவிடம் ஒப்படைக்கும்போது, அந்நேரம் பயனுள்ளதாகக் கழிய வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அவர்களுடைய கேள்விக்குள் இருப்பது பெரும்பாலும் அச்சம்; பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்னும் அச்சம்.

பிள்ளைகளின் விருப்பத்தையும் வீண் பொழுதுபோக்கு என ஒதுக்க இயலாது. தந்தையின் பணியிட மாற்றத்தால் ஆண்டின் நடுவில் புதிய ஊருக்கு வந்து சேரும் சிறுமியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வகுப்பில் பேசப்படும் மொழி அவளுக்குப் புதிது, முகங்களும் புதியவை. ஆனால், கயிறு இழுக்கும் போட்டியில் அவள் சேர்ந்து இழுப்பதற்கு இலக்கணம் தேவையில்லை. பாடவேளைகளில் பல வாரங்கள் ஆகியும் கிடைக்காத தோழமை, ஒரு மாலை விளையாட்டில் கிடைத்துவிடக்கூடும். அத்தகைய பிள்ளைக்கு விளையாட்டு, புதிய ஊரில் காலூன்ற உதவும் துணை ஆகும்.

விளையாட்டைக் குழந்தைமையின் பகுதியாக மதிப்பது தமிழுக்குப் பழக்கமான கருத்தே. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. அவற்றுள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றுமே விளையாட்டைப் பற்றியவை. இக்காலச் சட்டமும் இதையே உறுதி செய்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள் எனக் கூறுகிறது. இந்தியா இதனை 1992ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதே உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, பிள்ளைகளின் வளரும் திறனுக்கேற்ப அவர்களுக்கு வழிகாட்டும் பெற்றோரின் பொறுப்பையும் உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஏட்டில் அருகருகே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

சாரணர் இயக்கத்தின் தோற்றமும் இவ்விணைப்பைக் காட்டுகிறது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். வசதி படைத்த குடும்பத்துச் சிறுவர்களும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவர்களும் அதில் ஒன்றாகத் தங்கினர். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். கூர்ந்து நோக்கல், தடம் அறிதல், உயிர் காத்தல் ஆகியவை விளையாட்டின் வழியாகவே கற்பிக்கப்பட்டன. இந்தியாவில் இயங்கிய சாரண அமைப்புகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இணைந்து, பாரத சாரண இயக்கமாயின. இன்றும் அணிமுறையே அதன் அடித்தளம்.

இம்முறையில் தந்தை கேட்ட பயிற்சியையும் மகன் கேட்ட மகிழ்ச்சியையும் ஒரே மணி நேரத்தில் தர இயலும். முடிச்சுப் போடுவதை வரிசையில் உட்கார்ந்து பயின்றால் சலிப்புத் தோன்றும். ஓர் அணியின் எண்மரும் தத்தம் கயிற்றை அடுத்தவர் கயிற்றுடன் முடிந்து ஒரே நீளக் கயிறாக்கி, எதிரணியுடன் இழுத்துப் பார்த்தால், தவறான முடிச்சு தானே அவிழ்ந்து தவற்றைக் காட்டிவிடும். இருபதுக்கு மேற்பட்ட சிறு பொருள்களை ஒரு நிமிடம் மட்டும் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லும் 'கிம்' விளையாட்டும் அத்தகையதே. கிப்ளிங் எழுதிய 'கிம்' என்னும் புதினத்தில், சிம்லாவில் ஒரு சிறுவன் இவ்வாறு பயிற்சி பெறுகிறான். நினைவாற்றல் வளர வேண்டும் என விரும்பும் தாய்க்கும், போட்டியை விரும்பும் மகளுக்கும் அது ஒருசேர நிறைவளிக்கும்.

எனினும், எல்லா விருப்பங்களையும் இவ்வாறு இணைத்துவிட முடியாது. முரண்பாடு வரும் இடங்களில் யார் சொல்லுக்கு முதன்மை என்பதைத் தலைவர் முன்னரே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பிலும் நேரத்திலும் பெற்றோரின் சொல்லே முடிவானது. பதினொன்றரை மணிக்கு முடியும் என்றால், விளையாட்டு எவ்வளவு சூடுபிடித்திருந்தாலும் அந்நேரத்தில் முடித்தாக வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை எவ்வாறு அமைப்பது என்பதில் பிள்ளைகளின் குரல் ஒலிக்க வேண்டும். அணித் தலைவர்கள் கூடிப் பேசும் மன்றம் இருப்பது அதற்காகவே.

சான்றிதழ் பெறும் காலத்தை மட்டும் பெற்றோரின் அவசரமோ தலைவரின் பெருமையோ முடிவு செய்யக் கூடாது. பிள்ளையின் ஆயத்தமே முடிவு செய்ய வேண்டும். சாரணர் நிலைகளுக்கு முதல் சோபானம், இரண்டாம் சோபானம், மூன்றாம் சோபானம் என்று பெயர். சோபானம் என்றால் படி என்று பொருள். அதற்கு மேலே மாநில விருதும், குடியரசுத் தலைவர் விருதும் உள்ளன. படிகளை ஒவ்வொன்றாக ஏறுபவர் நிலைத்து நிற்பார். கட்டுப் போடத் தெரியாமலே முதலுதவிச் சான்றிதழ் பெற்ற பிள்ளை, தன் எதிரில் ஒருவர் காயமுற்று விழும் நாளில் செய்வதறியாது நிற்கும். அத்தகைய சான்றிதழால் பெற்றோருக்கும் பெருமையில்லை.

இவை அனைத்திற்கும் மேலாகத் தேவைப்படுவது பேச்சு. பெற்றோருக்குக் கூட்டத்தின் திட்டம் தெரியாதபோது, கண்ணில் படும் ஓட்டமும் சிரிப்பும் மட்டுமே அவர்கள் காண்பவை ஆகின்றன. பிள்ளைகளுக்குப் பயிற்சியின் காரணம் தெரியாதபோது, அது இன்னொரு வகுப்பாகத் தோன்றுகிறது. இருவருக்கும் இரண்டு வாக்கியங்களில் விளக்கம் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

திடலின் வாயிலில் நின்ற அணித் தலைவனும் அதைச் செய்யலாம். "மாமா, இன்று முடிச்சுப் போட்டி. யாருடைய முடிச்சு அவிழாமல் நிற்கிறது என்று பார்க்கப் போகிறோம். முடியும் நேரத்திற்குக் கால் மணி முன்னதாக வந்தால் நீங்களும் பார்க்கலாம்" என்று அவன் சொன்னால் போதும். சான்றிதழைக் கேட்டு வந்த தந்தை, தம் மகனின் கயிறு அவிழாமல் நிற்பதைக் கண்ணால் காண்பார். விளையாட்டைக் கேட்ட மகனும், தான் கற்றுக்கொண்டதைத் தந்தை முன்னிலையில் காட்டி மகிழ்வான்.