மணிக்கோபுரத்தைக் கட்டியவர் யார்?

கிராஞ்சிக் குன்றின்மேல் நிற்கும் போர் நினைவிடம் பெயர்களைக் காக்கும் இடம். 1957ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அந்நினைவிடத்தின் சுவர்களில், உடல் கிடைக்காமற்போன 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றுள் அடங்கும். சுவர்களின் பின்புறம், தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனியே ஒரு நினைவுச் சின்னம் உண்டு; அவருள் பெரும்பாலோரும் இந்தியப் படையினரே. மாண்டவர் எளியவராயினும் அவர் பெயர் மாளலாகாது என்பதே அக்குன்று கற்பிக்கும் பாடம்.

கிராஞ்சி நிலையத்தில் ரயில் ஏறுபவர் வண்டி மாறாமலே நகர மண்டப நிலையத்தில் இறங்கலாம். வெளியே வந்தவுடன் கண்ணிற் படுவது செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் அதன் வெண்ணிற மணிக்கோபுரமுமாகும். அதனைப் பார்க்க மாணவர் அணி அணியாய் வருகின்றனர், அண்ணாந்து நோக்குகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், பயிற்சித்தாளில் நான்கு கோடிட்ட இடங்களை நிரப்புகின்றனர், பேருந்தேறிப் போய்விடுகின்றனர். கட்டி முடித்த ஆண்டு எது, வடிவமைத்தவர் யார், எப்பாணியிற் கட்டப்பட்டது என்னும் வினாக்களுக்கெல்லாம் அத்தாளில் இடமுண்டு. கட்டிய கைகள் எவருடையவை என்னும் வினாவுக்கு மட்டும் பெரும்பாலும் இடமில்லை. இவ்வாறு கோபுரம் பார்ப்பது கல்வியன்று. கால்களுக்கு நடைப்பயிற்சி, அவ்வளவே.

இக்கோபுரத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும். அவ்விடத்தில் முதலில் எழுந்த தேவாலயம் கோல்மன் என்பவர் வரைந்த திட்டப்படி 1830களில் கட்டப்பட்டது. 1842இல் அதற்கு ஊசிக்கோபுரம் சேர்க்கப்பட்டது. மறு ஆண்டே அதற்கு ஒரு மணி வந்தது. அமெரிக்கத் தூதரின் மனைவியாரான மரியா ரிவியர் பேலஸ்டியர் அதனைக் கொடையாக அளித்தார். நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் அது ஒலிக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கோபுரத்தையோ 1845இலும் 1849இலும் இடி தாக்கியது. 1852இல் தேவாலயம் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. மணி தப்பியது, அது பின்னாளில் தேசிய அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. கொடுத்தவர் பெயரும் மணியோடு தப்பியது.

இன்றுள்ள தேவாலயத்திற்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1861இல் அதில் வழிபாடு தொடங்கிற்று. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களைப் பின்பற்றிய கோதிக் பாணி அது. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நெட்லி மடத்தின் சாயல் அதில் உண்டென்பர். வடிவமைத்தவர் ரொனால்டு மக்பர்சன். அவரே கைதிகளின் கண்காணிப்பாளருமாவார். கனமான கோபுரத்தை அடித்தளம் தாங்காதென அஞ்சி, எடை குறைந்த ஊசிக்கோபுரமே இறுதியில் எழுப்பப்பட்டது. 1889இல் எட்டு மணிகள் அதில் ஏற்றப்பட்டன. 1973இல் அக்கட்டடம் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கட்டியவர் எவர்? இந்தியக் கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டவருள் சென்னை மாகாணத்தாரும் வங்கத்தாரும் இருந்தனர். 1873இல் அம்முறை முடிவுறும்வரை காடு வெட்டியவர், சதுப்பு நிலம் தூர்த்தவர், சாலையிட்டவர், செங்கல் அறுத்தவர், கொத்து வேலையும் தச்சு வேலையும் செய்தவர் அவர்களே. இன்று தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் வழங்கும் வட்டாரத்தை ஊடறுத்துச் செல்லும் சிராங்கூன் சாலையில் அரசாங்கச் செங்கற்சூளையை நடத்தியவர்களும், அதிபரின் அதிகாரத்துவ இல்லமாகிய இஸ்தானாவை 1867 முதல் 1869 வரை கட்டியெழுப்பியவர்களும் அவர்களே.

தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசிய பூச்சு தனிச்சிறப்புடையது. கைதிகளின் கண்காணிப்பாளராய்ப் பின்னர் விளங்கிய மக்நேர், 1899இல் வெளிவந்த நூலில் அதன் செய்முறையைக் கூறியுள்ளார். மணல் கலவாத கிளிஞ்சற் சுண்ணாம்பு. அதனோடு முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் சேர்த்து அடித்த குழம்பு. தேங்காய்மட்டை ஊறிய நீர்விட்டுக் கலக்கிய கலவை. பூசிக் காய்ந்தபின் வழுவழுப்பான கற்களால் பளபளக்குமாறு தேய்த்தல். ஆங்கில நூல்கள் இதனைச் ‘சென்னைச் சுண்ணம்’ என்று பெயரிட்டே வழங்குகின்றன. முட்டைச் சாந்து பூசிய செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவருக்கு இக்கைவண்ணம் புதிதன்று. இடைக்கால ஐரோப்பாவின் உருவத்திற்குத் தென்னாட்டுக் கொத்தரின் கைத்திறன் மேனியாயிற்று என்பதே உண்மை.

இத்துணை உண்மையும் நூல்களில் உள்ளது, மறைக்கப்பட்டதன்று. ஆயினும், ‘இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது’ என்னும் ஒற்றை வரியோடு வழிகாட்டி நூல்கள் பல அதனைக் கடந்துவிடுகின்றன. மணி கொடுத்த சீமாட்டிக்குப் பெயர் உண்டு. வரைபடம் வரைந்த அதிகாரிக்குப் பெயர் உண்டு. சுண்ணாம்பு அடித்துக் கை வெந்தவனுக்குப் பெயர் இல்லை. கிராஞ்சிக் குன்றில் பெயர்கள் காக்கப்படும் இதே தீவில், நகரத்தின் நடுவே பெயரின்மை நிமிர்ந்து நிற்கிறது.

இந்த ஒற்றை வரியை ஒரு பாடமாக விரிப்பது எவர் கடமை? தமிழாசிரியரின் கடமை என்பதே நேர்மையான விடை. ஆனால், தமிழ் வகுப்பின் கற்றல் பயணம் என்றால் ஆண்டுதோறும் தேக்கா என்றே தீர்ப்பாகிவிட்டது. பூமாலைக் கடை, மளிகைக் கடை, கோயில், ஒரு வேளை உணவு, அத்துடன் பயணம் முற்றும். தேக்கா வேண்டாமென்று எவரும் சொல்லார். தேக்கா மட்டுமே தமிழர்க்குரியது என்று மாணவன் எண்ணிவிடும்படி கற்பிப்பதே தீங்கு. நகரத்தின் பழைய நடுவத்தை ஆங்கிலப் பாடமும் வரலாற்றுப் பாடமும் காட்டும். சிராங்கூன் சாலையைத் தமிழ்ப் பாடம் காட்டும் என்று பங்கு பிரித்துவிட்டால், தமிழ் ஒரு தெருவின் மொழியாய்ச் சுருங்கும். தன் மொழி ஒரு தெருவுக்குரியது என்று நம்பிய பிள்ளை, அத்தெருவை விட்டு வெளியேறும் நாளில் மொழியையும் அங்கேயே விட்டுச் செல்லும். இதனை எண்ணிப் பார்க்க வேண்டாவா?

இதற்குத் தடை கூறுவோர் உளர். ‘கைதிகள் குற்றவாளிகள் அல்லரோ? அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவானேன்?’ என்பது முதல் தடை. குற்றம் புரிந்தவர் அவருள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், கடல் கடத்துதல் என்னும் தண்டனை கள்வருக்கு மட்டும் வழங்கப்பட்டதன்று. மருது சகோதரர் வீழ்ந்தபின், 1802இல் துரைசாமியும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரும் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்த பாய் மகராஜ் சிங் 1850இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1856இல் சிறையிலேயே உயிர் நீத்தார். இவை ஒருபுறம் இருக்க, கள்வனே ஆயினும் அவன் எழுப்பிய சுவர் பொய் சொல்லுமோ? தண்டனைக் காலத்திலும் ஒருவன் இத்துணை நேர்த்தியாகத் தொழில் செய்தான் என்பது மாணவர் அறியத்தக்க அறம் அன்றோ?

‘அது பிற சமயத்தார் வழிபாட்டிடம்’ என்பது இரண்டாம் தடை. கட்டியவன் எந்தத் தெய்வத்தை வணங்கினான் என்று சுண்ணாம்பு கேட்கவில்லை. மாணவனும் கேட்க வேண்டியதில்லை. ‘கட்டியவர் அனைவரும் தமிழர் என்பதற்குச் சான்று உண்டா?’ என்பது மூன்றாம் தடை. அனைவரும் தமிழர் அல்லர். வங்கத்தாரும் பம்பாய் மாகாணத்தாரும் பிறரும் அவருள் கலந்திருந்தனர். அதை மறைத்து, எல்லாம் தமிழர் சாதனை என்று முழங்குவது மற்றொரு பொய். பெருமை பேசுவதற்காக இக்கோபுரத்துக்குச் செல்ல வேண்டா; உண்மை பேசுவதற்காகச் செல்க.

‘வரலாறு கற்பிப்பது தமிழாசிரியர் வேலையன்று’ என்பதே எல்லாவற்றினும் கொடிய தடை. அவ்வாறாயின் தமிழ்ப் பாடத்தின் பொருள்தான் யாது? எழுவாயும் பயனிலையும் எதைப் பற்றியேனும் பேசத்தானே வேண்டும்? கிளிஞ்சல், வெல்லம், மட்டை, சாந்து, கொத்தன், சூளை ஆகிய சொற்களை அகராதியில் தேடிச் சலிப்பதினும் அச்சுவரின் முன் நின்று கற்பது மாணவர்க்கு இனிது. ஆங்கில நூலில் சுனம் என்று காணும் சொல் தம் சுண்ணாம்பின் உறவென்று உணரும் மாணவர்க்குத் தமிழ் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் தோன்றாது.

எழுத்தின் ஆற்றலுக்கும் ஒரு மணியே சான்று. நியூசிலாந்தில் மவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் கலமாகப் பயன்படுத்திய உடைந்த வெண்கல மணியொன்றை, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர் கண்டெடுத்தார். அதன் விளிம்பில் தமிழ் எழுத்துகள் இருந்தன. அது முகையதீன் பக்சு என்பாரின் கப்பல் மணி என்பதை அவ்வெழுத்துகளே உலகுக்கு அறிவித்தன. கப்பல் போயிற்று, அதிற் சென்றவர் போயினர், பொறித்த பெயர் நின்றது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் கோபுரத்தைக் கட்டியவர்க்கு அவ்வாறு பெயர் பொறிக்கும் உரிமை வாய்க்கவில்லை. அவர்க்காக எழுதும் பொறுப்பு, எழுதத் தெரிந்த தலைமுறையினுடையது.

ஆதலின் தமிழாசிரியப் பெருமக்கள் அடுத்த கற்றல் பயணத்திற்குத் திட்டமிடும்போது மூன்று செயல்களைச் செய்தல் நன்று. முதலாவது, தேக்காவோடு பழைய நகர நடுவத்தையும் சேர்த்து, இரண்டையும் ஒரே வரலாறாகக் காட்டுக. இரண்டாவது, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பயிற்சித்தாளை விடுத்து, ‘இதைக் கட்டியவர் யார்? எதனாற் கட்டினர்? அவர் பெயர் ஏன் இங்கு இல்லை?’ என்னும் வினாக்களைத் தமிழிலேயே எழுப்புக. மூன்றாவது, மாணவர் தரும் விடைகளை வகுப்புச் சுவரோடு விட்டுவிடாமல் பள்ளி மலரில் அச்சேற்றுக.

மாணவச் செல்வங்களும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், உள்ளே சென்று சுவரை உற்று நோக்குதல் வேண்டும். பெயர் தெரியாத ஒருவன் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. அவன் பெயரை மீட்க இயலாமற் போகலாம். அவன் உழைப்பைத் தமிழில் எழுதிவைக்க இயலும். அதனைச் செய்யாத தமிழ் வகுப்பு, எத்தனை கோபுரங்களைச் சுற்றி வந்தாலும் எதையும் கண்டதாகாது.