வரிசையில் இடம்பெறாத நோயாளர்

வைத்தியப் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞரிடையே ஆண்டுதோறும் ஓர் ஒப்பீட்டாய்வு நிகழ்கின்றது. உள்ளகப் பயிற்சிக்கு உகந்த வைத்தியசாலை யாது, பட்டப்பின் பயிற்சிக்கு எப்பிரிவு நன்று என்பனவே அதன் பொருள். விடுதி வசதி, நிபுணரின் குணம், இரவுக் கடமையின் சுமை, கொழும்புக்குள்ள தூரம், தனியார் சிகிச்சைக்கான வாய்ப்பு ஆகியன தராசில் ஏறுகின்றன. மீரியபெத்த மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாய் மாத்திரம் எத்தட்டிலும் ஏறுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் பயிற்சி நாடுவோரை வைத்தியசாலைகள் நேர்முகம் காண்கின்றன. 1952 முதல் இருசாராரின் விருப்ப வரிசைகளும் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. இலங்கையிலோ பரீட்சைத் திறமை வரிசையே யாவற்றையும் தீர்க்கின்றது. முதல்வர் முதலில் தெரிவார். கடைசியில் நிற்பவர் எஞ்சியதை ஏற்பார். சிபாரிசுக் கடிதத்துக்கு இதில் இடமில்லை என்பர் இம்முறையை ஆதரிப்போர். அது மெய்யே. அரசியல்வாதியின் துண்டுச் சீட்டுத் தொழிலளித்த நாட்டில் அது சிறுபேறுமன்று.

ஆயின் வைத்தியருக்கிடையிலான நீதி நோயாளருக்குரிய நீதியாகிவிடுமா? எவரும் விரும்பாத இடம் வரிசையின் வாலுக்கே விழுகின்றது. விரும்பாது வந்தவர் இடமாற்றத்துக்கு நாளெண்ணுகின்றார். அவர் போன பின், அவ்விடம் மீண்டும் அதே வரிசையின் வாலை எதிர்பார்த்துக் கிடக்கின்றது.

தோட்ட வைத்தியத்தின் வரலாறு இப்புறக்கணிப்பை மேலும் கூர்மையாக்குகின்றது. 1872 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் பிறந்த வைத்தியத் தேவைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் நலத்தைப் பொது ஏற்பாட்டினின்று பிரித்தே நோக்கின. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், பல லயங்களுக்கு முதல் வைத்தியர் இன்றும் பட்டம் பெறாத தோட்ட மருத்துவ உதவியாளரே. நோய் முற்றிய பின் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்பவர் ஒருநாட் சம்பளத்தை இழக்கின்றார். அங்கும் அவர் நோவைச் சொல்ல, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ சிற்றூழியரோ மொழிபெயர்க்கும் நிலை உண்டு. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நோயாளரின் நாவுக்கு அது இன்னும் முழுமையாக எட்டவில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்த லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிந்தோர் இருந்தனர், அகற்றுதலைத் தம் கடனாக ஏற்றார் இலர். தோட்ட நலத்துறையின் நோயும் இதுவே. குறையை அறியாதார் இல்லை. அது எவருடைய பொறுப்புமன்று.

“வைத்தியரைக் கட்டாயப்படுத்தலாமா?” என வினவுவோர் உளர். 1945 முதல் இலவசக் கல்வி அளித்த அரசின் வருவாயில் தேயிலையின் பங்கு சிறிதன்று. எனவே கொழுந்துக் கூடை சுமந்தவரும் அக்கல்விக்கு விலை கொடுத்தவரே. பின்தங்கிய மாவட்டமெனப் பதுளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. அம்மாவட்டத்து நோயாளருக்கோ வைத்தியர் பங்கீட்டில் அத்தகைய உரிமை யாதுமில்லை.

நேர்முகத் தேர்வு இதற்கு மருந்தன்று. அது சிபாரிசுக்குக் கதவு திறக்கும். திறமை வரிசை நிலைக்கட்டும். ஆனால் தோட்டப் பிரதேசச் சேவை பட்டப்பின் பயிற்சியின் கணக்கில் சேர்தல் வேண்டும். அங்கு செல்வோர் தமிழில் நோய் விசாரிக்கும் தேர்ச்சி பெறல் வேண்டும். பதுளையில் பயில்வோர்க்குக் கொழும்பிற் பயில்வோர்க்கு நிகரான வழிகாட்டலும் விடுதியும் கிடைத்தல் வேண்டும். அப்போது எஞ்சிய இடமென ஒன்று இராது. அதுவரை, வைத்தியசாலைகளை ஒப்பிடும் இளைஞர் தம் பட்டியலில் ஒரு வினாவையேனும் சேர்த்துக்கொள்வாராக: அங்கு வரும் நோயாளர் யாவர்?